தாய்நாட்டு விடுமுறை

சுவிட்சர்லாந்தின் மலை, ஏரி, மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் சல்லடை போட்டுத் தேடினாலும், மன்னராட்சி வேண்டும் என்று நடுத்தெருவில் நின்று கேட்ட ஆள் ஒருவர்தான் அகப்படுவார். அவரும் சுவிஸ்காரர் இல்லை, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரர். பேர்ண் நகரத்தில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் நான் மரக்கறி வெட்டிய காலத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினார். பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய பெர்மிட் அட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. எங்கள் எல்லாருக்கும் அவர் மன்னராட்சி.

பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும். கையை ஆகாயத்துக்குத் தூக்கிவிடுவார்.

"இதுக்குத்தான் பிள்ளை மன்னராட்சி வேணும்!"

தக்காளி விலை ஏறினாலும் அதுதான். அவருடைய முறை நாளில் கீழ்வீட்டுக் கிழவி சலவை அறைக்குள் புகுந்து தன் திரைச்சீலைகளைத் தோய்த்தாலும் அதுதான். சுவிஸ் அரசாங்கத்தைப் பற்றி அவருக்கு இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏழு பேர் சேந்து ஆளுறாங்களாம். வருசத்துக்கு ஒருத்தர் மாறித் தலைவராம். இதென்ன நாடோ, சீட்டுப் பிடிக்கிற சங்கமோ?" என்பார். மாட்டுக் கொம்பைப் பற்றி இந்த நாட்டில் வாக்கெடுப்பு வைத்தபோது அவருக்கு வேலையே ஓடவில்லை. "மாட்டுக்குக் கொம்பு இருக்கலாமோ எண்டு சனத்திட்டைக் கேக்கிறாங்கள் பிள்ளை! ராசா எண்டால் மாட்டை ஒருக்கால் பாத்திட்டு அதிலையே சொல்லிப்போடுவார்!"

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் வெங்காயம் வெட்டிய எரிச்சலில் கேட்டேன்: "ராசா வந்தால் உங்களுக்கு என்னண்ணை கிடைக்கப்போகுது? பல்லக்குத் தூக்கிற வேலையோ?"

சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு கையெழுத்துப் பிள்ளை. ஒரேயொரு கையெழுத்து. ராசா எண்டால் ஆரையும் கேக்காமல் போடுவார். அது காணும் எனக்கு."

அந்தக் கையெழுத்து அவருடைய தம்பிக்காக. சின்னவன் என்றுதான் சொல்வார்.

சண்டை முடிந்த கையோடு இரண்டு பேரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டு பாங்கொக் வரை வந்திருக்கிறார்கள். அங்கே ஏஜென்சிக்காரன் கொண்டுவந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட். அதிலிருந்த படத்து ஆளுக்கு மூக்கு இடப்பக்கம் கோணல். மன்னராட்சிக்கும் மூக்கு இடப்பக்கம் கோணல். சின்ன வயதில் ஒழுங்கைக்குள் கிரிக்கெட் விளையாடும்போது சின்னவன் எறிந்த பந்து செய்த வேலை அது. ஏஜென்சிக்காரன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூக்கு வளைஞ்சவர் முதல் போகட்டும். நேர்மூக்கு அடுத்த கிழமை" என்றானாம்.

அந்த அடுத்த கிழமை வரவேயில்லை. "அவன்ரை பந்தாலைதான் நான் சுவிசுக்கு வந்தனான். நானும் திருப்பி ஒரு பந்து எறிஞ்சிருக்கவேணும்" என்று மன்னராட்சி மூக்கைத் தடவிக்கொண்டு சொல்லுவார். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியாது. அவரே முதலில் சிரித்துத் தொடங்கி வைப்பார்.

சின்னவன் பாங்கொக்கில் அறை அறையாக ஒளித்திருந்து, கடைசியில் விசா இல்லை என்று பிடிபட்டுவிட்டான். மறியல்தான், அதாவது குடிவரவுச் சிறை. ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு, டிக்கட்டும் காட்டினால் வெளியே விடுவார்கள். ஆனால் ஊரில் இறங்கியவுடன் யார் வந்து ஏற்றிக்கொண்டு போவார்களோ என்ற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. அதனால் அண்ணன் சொன்னார், "பொறு." தம்பி பொறுத்தான்.

இதற்கிடையில்தான் பெரிய நாட்களில் அந்த நாட்டு ராசா மறியல்காரரை மன்னித்து விடுவதுண்டு என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தாய்லாந்து நாட்காட்டியில் உள்ள நல்ல நாள் எல்லாம் அவருக்கும் நல்ல நாள். தீபாவளிக்கு லீவு கேட்கமாட்டார், தைப்பொங்கலுக்குக் கேட்கமாட்டார். கடை முதலாளியம்மாவிடம் தாய் மொழியும் படித்தார். அந்த மொழியில் அக்காவை 'பீ' என்று கூப்பிடவேண்டும், தமிழ்க்காதால் கேட்டால் கக்கூசுக்குப் போய்த்தான் சிரிக்கவேண்டும். அவர் அதை நடுக்குசினியில் நின்று பக்தியோடு கூப்பிடுவார். எங்கள் நாக்கு அதற்கு வளையாது. நாங்கள் அந்த மனிசியைத் தமிழிலேயே அக்கா என்று கூப்பிட்டோம், அவளும் அதைத்தான் தன் பெயர் என்று எடுத்துக்கொண்டாள்.

அக்கா அவருக்குச் சொல்லித்தான் பார்த்தாள். அவளுடைய ஜெர்மனும் உடைசல், எங்களுடையதும் உடைசல், அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கும். மன்னிப்பு என்பது குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களுக்குத்தான், உன் தம்பி ஒரு குற்றமும் செய்யவில்லை, விசா இல்லாமல் இருக்கிறான், அவ்வளவுதான் என்றாள்.

மன்னராட்சி கனநேரம் யோசித்தார். "அப்ப சின்னதா ஒரு குற்றம் செய்யச் சொல்லட்டோ?"

அக்கா அகப்பையால் அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

ஆனாலும் மனிசன் விடவில்லை. குசினிச் சுவரில் பாங்கொக்கிலிருந்து வந்த நாட்காட்டி ஒன்று தொங்கும். அதில் டிசம்பர் பத்தாம் தேதி சிவப்பு. பக்கத்தில், தங்கத்தட்டில் எதையோ ஏந்தி வைத்ததுபோல ஒரு கோபுரப் படம். அது ராசாவின் முடி வைக்கிற தட்டு என்று அவராகவே தீர்மானித்துவிட்டார். நாளின் பெயரைக் கைப்பேசியில் போட்டுத் தமிழில் பார்த்தார். 'அரசியலமைப்பு நாள்' என்று வந்தது. ஊரில் நாங்கள் அதை யாப்பு என்றுதான் அதிகம் சொல்வோம். அதனால் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "அரசு அமைஞ்ச நாள் பிள்ளை! ராசா சிம்மாசனத்திலை ஏறின நாள்! இதைவிடப் பெரிய நாள் உண்டோ?" என்று குதித்தார். வருடத்தில் அவர் வாயைத் திறந்து கேட்கும் ஒரே லீவு அந்த நாள்தான். அன்றைக்கு விரதமிருந்து, முருகன் படத்துக்கும் ராசா படத்துக்கும் ஒரே சாம்பிராணி காட்டுவார்.

ஒரு வருடம் பக்தி முற்றி, ஊரைக் கூட்டி அன்னதானம் கொடுக்க வெளிக்கிட்டார். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் எங்களுக்கு ஓய்வு நேரம் உண்டு, சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். அந்த நேரத்துக்கு அக்கா கடையைத் தந்தாள். மன்னராட்சி தமிழ்க்கடையில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டார்: 'தாய்நாட்டு அரசியலமைப்பு நாள். அன்னதானம், பாயாசம். அனைவரும் வருக.'

வந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்தைக் கேட்கவேண்டுமா? தமிழரை ஒதுக்கிவைத்த தாய்நாட்டு அரசியலமைப்பை ஒருவன் கொண்டாடுகிறான் என்று கேள்விப்பட்டுக் கொதித்துக்கொண்டு வந்தார்கள். சூக் நகரத்திலிருந்து ஒரு மீசைக்கார அண்ணை வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, ரயிலேறி, கறுப்புக்கொடியோடு வந்து வாசலில் நின்றார்.

"எவனடா இஞ்சை தாய்நாட்டு அரசியலமைப்புக்குப் பாயாசம் காச்சினவன்?"

"நான்தான் அண்ணை. வாங்கோ, இருங்கோ."

"இருக்கிறதோ! அந்தச் சட்டத்தாலை எரிஞ்ச வயிறு எங்கடை வயிறு. அதுக்கு நீ கசுக்கொட்டை போட்டுப் பாயாசமோ?"

"ஐயோ அண்ணை, உது தாய்நாடு!"

"ஓமடா, தாய்நாடுதான்! அதைத்தானே நானும் கேக்கிறன்!"

"தாய், அண்ணை! தாய்! தாய்!"

"தாயை ஏனடா கூப்பிடுறாய்? நான் இன்னும் அடிக்கேல்லை!"

பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் குசினிக்குள்ளிருந்து கத்தினேன்: "லாந்து! தாய்லாந்து! மட்டையிலை லாந்து எழுத இடம் காணேல்லை!"

கடையே கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தது. மீசைக்கார அண்ணை கறுப்புக்கொடியை நாலாக மடித்து ஜாக்கெட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு பந்தியில் இருந்தார். பாயாசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். வயிறு நிரம்பிய பிறகுதான் அவருக்கு அறிவு வேலை செய்தது.

"அது சரி தம்பி, தாய்லாந்திலை இண்டைக்கு என்ன விசேசம்?"

"அரசு அமைஞ்ச நாள் அண்ணை. ராசான்ரை நாள்."

"எட, அரசியலமைப்பு எண்டால் யாப்பெல்லோ? யாப்பு வந்தால் ராசான்ரை தனி அதிகாரம் போச்செல்லோ?"

மன்னராட்சி பாயாச அகப்பையோடு அப்படியே நின்றார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா தலையாட்டினாள். முன்னே ராசா நினைத்ததுதான் சட்டம், அந்த நாளில் கையெழுத்து வைத்தார், அதற்குப் பிறகு ராசாவும் சட்டத்துக்குக் கீழே, தட்டில் இருப்பது முடி இல்லை, சட்டப் புத்தகம் என்று விளக்கினாள். நல்ல நாள்தானே, ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறாய் என்றும் கேட்டாள்.

"ராசா கையெழுத்துப் போட்டுத் தன்ரை கையெழுத்தையே குடுத்திட்டாரோ!" என்றார் மன்னராட்சி. இத்தனை வருடம் அந்த நாளுக்குச் சாம்பிராணி காட்டிய மனிசன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது?

அன்று பின்னேரமே, மறியலுக்குள் ஒளித்துப் பாவிக்கிற போனில், சின்னவனோடு கதைக்கக் கிடைத்தது. ஈரக்கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார், எங்களுக்கும் கேட்டது. கதையைக் கேட்டு சின்னவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இருமல் வந்துதான் நின்றது. "அண்ணை, நீ சட்டத்துக்கோ பாயாசம் காச்சினனீ? இந்தச் சட்டம்தான் என்னை உள்ளுக்கு வைச்சிருக்குது" என்றான். பிறகு குரல் மாறியது.

"நான் ஊருக்குப் போறன் அண்ணை. இப்ப அங்கை அவ்வளவு பயமில்லையாம்."

"விசர்க்கதை கதையாதை. அக்காவைப் பிடிச்சு ஒரு மனு எழுதுவம். ராசா இப்பவும் மன்னிக்கிறவராம். கொஞ்சம் பொறு."

"சரி அண்ணை. நீ சொன்னாச் சரி."

அந்தச் சரியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தோடு சின்னவனின் இருமல் கூடிவிட்டது. "எனக்கு ராசாவும் வேண்டாம், சுவிசும் வேண்டாம் அண்ணை. காலை நீட்டிப் படுக்கவேணும். இஞ்சை நீட்டினால் மற்றவன்ரை முகத்திலை படுது" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறான். மன்னராட்சி அன்றைக்கு என்னிடம் வந்து, "பிள்ளை, விடுவம் என்ன? போகட்டும் என்ன?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டார். விமான டிக்கட் எடுத்து அனுப்பினார். எல்லாக் கடுதாசியும் சரி. குடிவரவுக் கந்தோர் அதிகாரி ஒருவருடைய கையெழுத்து மட்டும் பாக்கி.

ஒன்பதாம் தேதி சின்னவன் போன் எடுத்துச் சொன்னானாம்: "நாளைக்குக் கந்தோர் லீவாம் அண்ணை. உன்ரை பாயாச நாளெல்லோ? நாளையிண்டைக்கு வந்து போடுவினமாம்." மன்னராட்சி அதைத் தொட்டியடியில் நின்று எங்களுக்குச் சொன்னார். மூக்குக்கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிந்திருக்க, விழுந்து விழுந்து சிரித்தார். "நான் கும்பிட்ட நாளே என்னைப் பிடிச்சுதெண்டு பார் பிள்ளை!" சந்தோசம்தான். ஒரு நாள்தானே, இத்தனை வருடம் இருந்தவனுக்கு ஒரு நாள் ஒரு நாளா?

மறுநாள் பத்தாம் தேதி. அவருக்கு வழமையான லீவு. ஆனால் மத்தியான நெரிசலில் பின்கதவால் வந்தார். ஏப்ரனைக் கட்டினார். தொட்டியில் கையை விட்டார்.

"என்னண்ணை, லீவெல்லோ உங்களுக்கு?"

"சின்னவன் போட்டான் பிள்ளை."

போட்டான் என்றால் எங்கள் பேச்சில் போய்விட்டான். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. "மெய்யே! லீவு நாளிலையும் கையெழுத்து வைச்சிட்டினமோ? எத்தினை மணிக்குப் பிளேன்? சாப்பிட்டிட்டே ஏறினவன்?"

அவர் ஒரு கோப்பையைக் கழுவினார். கழுவிய அதே கோப்பையைத் திரும்பவும் கழுவினார்.

"இல்லைப் பிள்ளை. போட்டான்."

நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன் என்று ஒன்றும் தெரியாது. அக்கா வந்து அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தது மட்டும் தெரியும். அங்கே மத்தியானம் படுத்தவன் எழும்பவில்லையாம், கையெழுத்துக் கந்தோர் பூட்டிக் கிடந்ததாம், அவ்வளவுதான் செய்தி. டிக்கட் அவனுடைய சட்டைப் பொக்கற்றில் இருந்ததாம்.

மன்னராட்சிக்கு விசா கிடைக்கும்வரை சின்னவனின் உடலை வைத்திருக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். அக்காதான் கடையைப் பூட்டிவிட்டுப் பறந்து போனாள். பிக்குமாரைக் கொண்டு பாராயணம் சொல்லுவித்து, கொள்ளியும் வைப்பித்து, சாம்பலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த மனிசிக்கு நாங்கள் யார்? என்னுடைய கூடப்பிறந்ததுகள் செய்யாது இப்படி.

பேர்ணில் ஆரே ஆறு ஊரைச் சுற்றி வளைந்து ஓடும். மார்கழிக் குளிரில் பச்சையாக, கரையில் பனி பிடித்துக் கிடந்தது. அங்கேதான் கரைத்தோம். சூக்கிலிருந்து மீசைக்கார அண்ணை வந்திருந்தார். அதே கறுப்புத்துணியைக் கையில் கட்டியிருந்தார். மன்னராட்சி முழங்கால் தண்ணீரில் நின்று மூக்கைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

"நான்தான் பொறு எண்டு சொன்னனான்" என்றார். "அவன் என்ரை சொல்லைத் தட்டமாட்டான் எண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னனான்."

நான் வாய்விட்டு அழுதேன். நாய் கூட்டிக்கொண்டு நடந்துபோன ஒரு சுவிஸ் கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு மன்னராட்சி மன்னராட்சி கேட்கவில்லை. பஸ் பிந்தும், பேசாமல் நிற்பார். கீழ்வீட்டுக் கிழவி சலவை அறையைப் பிடித்துக்கொள்வாள், ஈர உடுப்போடு திரும்பி வந்துவிடுவார். அந்த வாய்க்கு எத்தனை தரம் பூட்டுப் போடச் சொல்லிக் கத்தியிருப்பேன். இப்போது பூட்டுத் தானாக விழுந்ததும் குசினிக்குள் நிற்க முடியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். நாங்கள் வேண்டுமென்றே மாட்டுக் கொம்புக் கதையை எடுத்துப் பார்த்தோம். தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த டிசம்பர் வந்தது. அக்கா நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, சின்னவனுக்காகப் பத்தாம் தேதி கடையைப் பூட்டுவோம் என்றாள். மன்னராட்சி அப்போதுதான் பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாகக் கதைத்தார்.

"பூட்ட வேண்டாம். அண்டைக்கு நான் வேலைக்கு வருவன். ஆரும் ஒருத்தன் வந்து கதவைத் தட்டினால் திறந்திருக்கவேணும்."

பத்தாம் தேதி காலை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் பஸ் தரிப்பில் தனியே நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பலகையில் பஸ் வரும் நேரம் மாறி மாறித் தள்ளிக்கொண்டே போனது. அவர் தெருவைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கையை ஆகாயத்துக்குத் தூக்கினேன்.

"இதுக்குத்தான் அண்ணை மன்னராட்சி வேணும்!"

திடுக்கிட்டுத் திரும்பினார். தரிப்பில் நின்ற சுவிஸ்காரரும் திரும்பினார்கள். அந்தக் கோணல் மூக்குக்குக் கீழே உதடு கொஞ்சம் அசைந்தது.

"ராசா வேண்டாம் பிள்ளை" என்றார். "லீவு நாளிலை ஒரு மனிசன் வேலைக்கு வந்தாக் காணும்."

பஸ் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். கடை வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு, "உனக்கு இண்டைக்கு எத்தினை மணிக்குப் பிள்ளை வேலை?" என்று கேட்டார்.

எனக்கு அன்று வேலையே இல்லை. வாயில் வந்த ஒரு மணியைச் சொல்லிவிட்டு, ஏப்ரனை எடுத்துக் கட்டினேன்.